சுக்கினி பூக்கிறது, காய் நிற்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடியுங்கள்

வீட்டில் சுக்கினி வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "செடி நன்றாக இருக்கிறது, பூவும் பூக்கிறது, காய் மட்டும் நிற்கவில்லை. என்ன உரம் போடலாம்?" உரம் அப்புறம். இந்தச் செடியில் காய் நிற்குமா நிற்காதா என்பது பெரும்பாலும் பூ விரிந்திருக்கும் காலை நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் பூவுக்குள் நடப்பதைப் பார்க்காமல், மாலையில் வந்து இலையைப் பார்த்துவிட்டு உரமும் மருந்தும் கொடுத்தால் பணமும் போகும், பருவமும் போகும்.

ஆகவே நாளை காலை வெயில் ஏறுவதற்கு முன் செடிக்குப் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் இருங்கள். எத்தனை பூ விரிந்திருக்கிறது, எந்தப் பூ, தேனீ வருகிறதா என்று பாருங்கள். பிறகு கீழே உள்ள அறிகுறிகளில் உங்கள் செடிக்குப் பொருந்துவதைப் படியுங்கள்.

எதற்கும் முன்னால்: எது ஆண் பூ, எது பெண் பூ?

சுக்கினி பூசணிக் குடும்பத்துச் செடி. ஒரே செடியில் ஆண் பூ தனியாகவும் பெண் பூ தனியாகவும் வரும். ஆண் பூ நீளமான மெல்லிய காம்பின் உச்சியில் நிற்கும். பெண் பூவின் காம்பு குட்டை, தடிமன். அதன் இதழ்களுக்கு அடியிலேயே விரல் நீளத்துக்குக் குட்டிச் சுக்கினி ஒன்று ஒட்டியிருக்கும்.

உள்ளே எட்டிப் பார்த்தால் இன்னும் தெளிவு. ஆண் பூவின் நடுவில் ஒற்றைத் தண்டு நிற்கும். தொட்டால் விரலில் மஞ்சள் பொடி ஒட்டும். அதுதான் மகரந்தம். பெண் பூவின் நடுவில் இருப்பது மூன்று பிரிவாகப் பிரிந்த, சற்றே பிசுபிசுப்பான சூலகமுடி.

பெண் பூவின் அடியில் உள்ள அந்தக் குட்டிக் காய் பூ விரிவதற்கு முன்பே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு 'காய் பிடித்துவிட்டது' என்று நினைப்பவர்கள்தான் நாலு நாள் கழித்து 'பிஞ்சு வெம்பிப் போகிறது' என்று தவிக்கிறார்கள். மகரந்தம் சேரும்வரை அது காயே அல்ல, வாய்ப்பு மட்டும்தான். இரண்டு பூக்களும் விடியும்போது விரிந்து, உச்சி வெயிலுக்குள் மூடிக்கொள்ளும். மறுநாள் திரும்ப விரியாது.

அறிகுறி: பூ நிறைய வருகிறது, எல்லாம் உதிர்கிறது, பிஞ்சையே காணோம்

வருவது எல்லாமே ஆண் பூவாக இருக்கும். காம்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். செடி பூக்கத் தொடங்கிய முதல் ஒன்றிரண்டு வாரம் இப்படித்தான் இருக்கும். ஆண் பூ முதலில், பெண் பூ பின்னால். ஒரு நாள் நின்றுவிட்டு உதிர்வது ஆண் பூவின் இயல்பு, நோய் இல்லை. வீணாகப் போகிறதே என்று மொட்டிலேயே கிள்ளவும் வேண்டாம். பெண் பூ வரும் நாளில் கைவசம் ஆண் பூ இல்லாவிட்டால் அதுவே அடுத்த தொல்லை. மிகுதியாக இருக்கும் ஆண் பூக்களைச் சமைத்துச் சாப்பிடலாம்.

மூன்று நான்கு வாரம் ஆகியும் பெண் பூ எட்டிப் பார்க்கவில்லை என்றால் மூன்று விஷயங்களைச் சந்தேகப்படுங்கள். முதலாவது வெப்பம். நீண்ட பகலும் கடும் வெயிலும் சேர்ந்தால் செடி ஆண் பூவின் பக்கம் சாயும். மிதமான வெப்பமும் குறுகிய பகலும் பெண் பூவுக்கு உதவும். செடிக்குள் சுரக்கும் ஹார்மோன்கள்தான் இதைத் தீர்மானிக்கின்றன: எத்திலீன் கூடினால் பெண் பூ, ஜிப்ரெலின் கூடினால் ஆண் பூ. வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸைத் தொடும் வாரங்களில் பிற்பகலுக்கு மட்டும் நிழல் வலை போட்டு, வேரைச் சுற்றி வைக்கோலோ காய்ந்த இலையோ தடிமனாகப் பரப்பி மூடாக்கு போடுங்கள். வெயில் தணிந்ததும் செடி தானாக வழிக்கு வரும். இரண்டாவது, வெளிச்சக் குறைவு. நாளுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மூன்றாவது, தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுதி. அதற்குக் கீழே தனி அறிகுறி இருக்கிறது.

அறிகுறி: பிஞ்சு வருகிறது, ஆனால் நுனி மஞ்சளாகி, சுருங்கி, வெம்பி விழுகிறது

அதிகம் பேரை வாட்டுவது இதுதான். விரல் அளவில் இருந்த பிஞ்சு வளராமல் நிற்கும். பூ இருந்த நுனியிலிருந்து மஞ்சள் தொடங்கிக் காம்பை நோக்கி வரும். ஒரு வாரத்துக்குள் தொட்டாலே உதிரும். பெரும்பாலும் காரணம் மகரந்தம் சேராதது. சுக்கினியின் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மை உள்ளது. காற்றில் பறக்காது. தேனீ சுமந்து வந்தால்தான் உண்டு. அதுவும் ஒரு முறை வந்தால் போதாது, ஒரே காலையில் பல முறை வர வேண்டும்.

உயரமான மாடி, வலை போட்ட பால்கனி, தொடர்மழை, பக்கத்தில் தெளித்த பூச்சிமருந்து என எது இருந்தாலும் தேனீ வரத்து குறையும். ஒரே ஒரு செடி மட்டும் வைத்திருந்தால் இன்னொரு சிக்கல்: ஆண் பூவும் பெண் பூவும் ஒரே நாளில் விரியாமல் போகலாம். இடம் இருந்தால் இரண்டு மூன்று செடிகளாக வையுங்கள்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு சோதனை போதும். ஒரு பெண் பூவுக்குக் கையால் மகரந்தம் சேர்த்து, காம்பில் வண்ண நூல் கட்டுங்கள். அடுத்து விரியும் பெண் பூ ஒன்றைச் சும்மா விடுங்கள். நாலைந்து நாளில் நூல் கட்டியது நீண்டு பளபளப்பாகவும், மற்றது மஞ்சளாகவும் இருந்தால் கோளாறு தெரிந்துவிட்டது. உரமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். தினமும் காலையில் உங்கள் கைதான் வேண்டும்.

கையால் சேர்ப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் அவசரத்தில் பாதியில் விடுகிறார்கள். பூ முழுதாக விரிந்தவுடன், கூடிய வரை காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். அன்று விரிந்த ஆண் பூவை நீளக் காம்போடு பறியுங்கள். நடுத்தண்டை விரலால் லேசாகத் தொட்டு, பொடி ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அந்தப் பூ உதவாது. ஒட்டினால் இதழ்களை ஒவ்வொன்றாக உரித்து எடுத்துவிடுங்கள். மிஞ்சும் நடுத்தண்டைப் பெண் பூவுக்குள் விட்டு, சூலகமுடியின் மூன்று பிரிவுகளிலும் மெதுவாகத் தடவுங்கள். மூன்றிலும் மஞ்சள் படிந்திருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தொட்டுவிட்டு வந்தால் கோணல் காய்தான் கிடைக்கும். ஒரு ஆண் பூவை வைத்து இரண்டு பெண் பூவைச் சமாளிக்கலாம். ஆனால் ஆண் பூ நிறைய இருக்கும் நாளில் கஞ்சத்தனம் வேண்டாம், ஒன்றுக்கு இரண்டாகப் பயன்படுத்துங்கள்.

மழைக்காலத்தில் முந்தின மாலையே வேலையைத் தொடங்குங்கள். மறுநாள் விரியப்போகும் மொட்டு பச்சை மாறி ஆரஞ்சு மஞ்சளாகி, நுனி சற்றே தளர்ந்திருக்கும். பெண் மொட்டை ஒரு காகித உறையால் மூடி வையுங்கள். ஆண் மொட்டைக் காம்போடு வெட்டி, வீட்டுக்குள் ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். காலையில் விரிந்ததும் நனையாத மகரந்தம் கையில் இருக்கும். நனைந்த மகரந்தத்தை நம்ப முடியாது.

அன்று ஆண் பூவே இல்லையா? பக்கத்து வீட்டுச் சுக்கினியின் ஆண் பூ போதும். சுக்கினியின் தாவரவியல் பெயர் குக்குர்பிட்டா பெப்போ. அதே இனத்தைச் சேர்ந்த வேறு பூசணி வகைகளின் ஆண் பூவும் உதவும். வேறு செடியின் மகரந்தம் சேர்ந்ததால் இந்தக் காயின் சுவையோ உருவமோ மாறாது. மாற்றம் விதைக்குள்தான் போகும்.

கையால் சரியாகச் சேர்த்தும் பிஞ்சு விழுகிறது என்றால் அப்போது வேறு இடத்தில் தேடலாம். கடும் வெப்பத்தில் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். பொடி ஒட்டும், காய் பிடிக்காது. அந்த வாரங்களில் விடிந்த உடனேயே சேர்த்துப் பாருங்கள். செடியில் ஏற்கெனவே நாலைந்து காய் வளர்ந்துகொண்டிருந்தால் செடியே சில பிஞ்சுகளைக் கழித்துவிடும். முற்றியவற்றைப் பறித்தால் அடுத்தவை நிற்கும். செடி சின்னதாக, ஏழெட்டு இலையோடு இருக்கும்போது வந்த முதல் ஒன்றிரண்டு பெண் பூ விழுந்தால் கவலையே வேண்டாம்.

தேனீ வரவே வராத இடத்தில் வளர்ப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. மகரந்தம் சேராமலே காய்க்கும் ரகங்கள் இருக்கின்றன. பார்த்தினான், கவிலி இரண்டும் அப்படிப்பட்டவை. விதைப் பொட்டலத்தில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அறிகுறி: காய் வளர்கிறது, ஆனால் ஒரு முனை பருத்து மறுமுனை ஒல்லி

மகரந்தம் அரைகுறையாகச் சேர்ந்திருக்கிறது. விதை உருவான பகுதி பருக்கும், உருவாகாத பகுதி ஒல்லியாக நிற்கும். காய் வளரும் நாட்களில் தண்ணீர் தட்டுப்பட்டாலும் இப்படி ஆவதுண்டு. சாப்பிடத் தடையில்லை. சின்னதாக இருக்கும்போதே பறித்துவிடுங்கள்.

அறிகுறி: காயின் நுனி அழுகுகிறது

மூன்று வேறு கோளாறுகள் ஒரே இடத்தில் தெரிவதால் எல்லோரும் குழம்புவது இங்கேதான். வளராத சின்னப் பிஞ்சு மஞ்சளாகி மெத்தென்று அழுகினால் அது மேலே சொன்ன மகரந்தக் கதை. நன்றாக வளர்ந்த காயில், நுனி பழுப்பாகி உள்ளே குழிந்து தோல் காய்ந்து தடித்திருந்தால் அது சுண்ணாம்புச்சத்து நுனிவரை போய்ச் சேராததன் அடையாளம். மண்ணில் சுண்ணாம்புச்சத்து இருந்தும் இது வரும். அந்தச் சத்து தண்ணீரோடுதான் செடிக்குள் பயணம் செய்கிறது. இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குளிப்பாட்டினால் பயணம் தடைபடுகிறது. முட்டை ஓட்டுத் தூள் உடனே கைகொடுக்காது, அது மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும். தண்ணீரை ஒழுங்குபடுத்தி மூடாக்கு போடுங்கள், அடுத்து வரும் காய்கள் சரியாகும்.

மூன்றாவது, ஈரமான நாட்களில் வரும் பூஞ்சை. வாடிய இதழும் காய் நுனியும் சொதசொதப்பாகி, அதன்மேல் கறுப்புத் தலையோடு குண்டூசிகள் குத்தியது போல இழைகள் நிற்கும். அந்தக் காய்களை உடனே அகற்றுங்கள். நல்ல காய்களில் ஒட்டியிருக்கும் வாடிய இதழையும் மெல்ல உருவி எடுத்துவிடுங்கள். அடி இலைகள் ஒன்றிரண்டைக் கழித்தால் காற்று புகும்.

அறிகுறி: காயில் சின்னத் துளை, கசியும் பிசின், வெட்டினால் புழு

வெப்பமான பகுதிகளில் பழ ஈயின் வேலை. பெண் ஈ இளம் பிஞ்சின் தோலைக் குத்தி உள்ளே முட்டையிடும். புழு உள்ளே போன பிறகு எந்த மருந்தும் உதவாது, ஆகவே முன்னால் தடுக்க வேண்டும். மகரந்தம் சேர்த்த அன்றோ மறுநாளோ பிஞ்சை மெல்லிய துணிப் பையால் மூடிக் காம்பில் கட்டிவிடுங்கள். வீட்டில் இருக்கும் நாலைந்து செடிக்கு இதைவிட நம்பகமான வழி இல்லை. இனக்கவர்ச்சிப் பொறி ஆண் ஈக்களை மட்டும் பிடிக்கும், துணைக்கு வைத்துக்கொள்ளலாம். குத்துப்பட்ட காயை உரக்குழியில் போடாதீர்கள். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி நாலைந்து நாள் வெயிலில் போட்டுவிட்டு அப்புறம் அப்புறப்படுத்துங்கள்.

அறிகுறி: இலை குடை அளவு, பச்சைப் பசேல், பூ மட்டும் இல்லை

விதைத்து எத்தனை நாள் ஆயிற்று என்று முதலில் எண்ணுங்கள். விதைத்ததிலிருந்து முதல் காய் பறிக்க 45 முதல் 60 நாள் வரை ஆகும். ஐந்து வாரம் கூட ஆகாத செடியை அவசரப்படுத்த வழி இல்லை.

நாள் கடந்துவிட்டது என்றால் தழைச்சத்தை நிறுத்துங்கள். யூரியா, பிண்ணாக்குக் கரைசல், சரியாக மக்காத சாண உரம் ஆகியவற்றை அடிக்கடி கொடுத்தால் செடி இலை விடுவதிலேயே குறியாக இருக்கும். நடும்போது அடியுரமாக நன்றாக மக்கிய தொழுவுரம் தாராளமாக இருக்கட்டும். மொட்டு வைக்கும் நேரத்திலிருந்து சாம்பல் சத்து (பொட்டாசியம்) மிகுந்த மேலுரம், தக்காளிக்குக் கொடுப்பது போதும், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடுங்கள். நிழலில் நிற்கும் செடியும் இதே தோற்றம் தரும். அந்தச் செடியின் இலைக்காம்புகள் மட்டும் வெளிச்சத்தைத் தேடி நீண்டு ஒல்லியாக இருக்கும்.

அறிகுறி: இலையில் வெள்ளைத் திட்டு

விரலால் தேய்த்துப் பாருங்கள். பொடியாக விரலில் வந்தால் சாம்பல் நோய். வராமல், நரம்புகளை ஒட்டி வெள்ளிக் கோடுகளாகச் செடியின் எல்லா இலையிலும் ஒரே மாதிரி இருந்தால் அது ரகத்தின் இயற்கை நிறம், செடி நலமாக இருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஆரோக்கியமான செடிக்கு மருந்தடிப்பவர்கள் ஏராளம்.

சாம்பல் நோய்க்கு இலை நனைந்திருக்க வேண்டும் என்பதில்லை. நெருக்கமும் நிழலும் இருந்தாலே பரவும். மோசமாகப் பாதித்த அடி இலைகளைத் தண்டை ஒட்டி வெட்டி எடுங்கள். பிறகு ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, காலையில் இலையின் இருபுறமும் நனையும்படி வாரம் ஒரு முறை தெளியுங்கள். இது வெறும் கைவைத்தியம் இல்லை. பிரேசிலைச் சேர்ந்த வாக்னர் பெட்டியோல் 1999-இல் வெளியிட்ட ஆய்வு பசுமைக்குடிலில் சுக்கினிச் செடிகளில்தான் நடந்தது, பால் தெளித்த செடிகளில் நோய் நன்றாக அடங்கியது. கந்தகத் தூளும் கேட்கும். ஆனால் 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் கந்தகம் இலையையே கருக்கிவிடும்.

அறிகுறி: இலை சுருங்கி, மஞ்சளும் பச்சையுமாகத் தேமல், காய் முண்டுமுண்டாக

இதற்கு மருந்து இல்லை. சுக்கினி மஞ்சள் தேமல் வைரஸ் போன்ற வைரஸ் நோய்களை அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி பரப்புகிறது. ஒரு செடியில் வாயை வைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போன சில நொடிகளிலேயே நோய் தொற்றிவிடும் என்பதால், அதற்குப் பிறகு பூச்சியைக் கொன்றும் பயனில்லை. மனசு கேட்காதுதான், ஆனாலும் அந்தச் செடியை அன்றே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். கத்தரிக்கோலைக் கழுவாமல் அடுத்த செடியைத் தொடாதீர்கள். அதிலிருந்து விதை எடுக்க வேண்டாம்.

அறிகுறி: வெயிலில் செடி தலை தொங்குகிறது

உச்சிப் பொழுதில் தொங்கி, மாலையில் நிமிர்ந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். அவ்வளவு பெரிய இலை வெயிலில் சற்றுத் துவளத்தான் செய்யும். காலையிலும் தொங்கினால்தான் கோளாறு. மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர், சேறாக இருந்தால் வேர் மூச்சுத் திணறுகிறது. தொட்டியில் வளர்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் தொட்டியின் அளவுதான். ஒரு செடிக்கு ஒரு தொட்டி, 40 லிட்டர் மண் பிடிப்பதாக இருந்தால் நிம்மதி. மண்ணில் ஈரம் சரியாக இருந்தும் செடி திடீரென்று துவண்டால் அடித்தண்டைப் பாருங்கள். துளையும் மரத்தூள் போன்ற கழிவும் தெரிந்தால் தண்டுக்குள் புழு இருக்கிறது. தண்டை நீளவாக்கில் கீறிப் புழுவை எடுத்துவிட்டு, கீறிய இடத்தின்மேல் ஈர மண் அணைத்தால் சில செடிகள் மறுபடி வேர்விட்டுப் பிழைக்கும்.

அறிகுறி: காய் கசக்கிறது

துப்பிவிடுங்கள். சமைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பூசணிக் குடும்பத்துக் கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டாசின் ஒரு நச்சுப்பொருள், சூட்டில் அழியாது. 2015-இல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்துச் சுக்கினியைக் கசப்பையும் மீறிச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்தே போனார். பெரும்பாலும் இது வீட்டில் சேமித்த விதையால் வரும். பக்கத்தில் வளர்ந்த அலங்காரப் பூசணியின் மகரந்தம் சேர்ந்த காயிலிருந்து எடுத்த விதையில் அந்தக் கசப்பு வந்துவிடும். வறட்சியும் கசப்பைக் கூட்டும். புதுக் காய் ஒவ்வொன்றையும் சமைக்கும் முன் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார்ப்பது நல்லது. கசந்த செடியைப் பிடுங்கிவிட்டு, அடுத்த முறை விதையை வெளியில் வாங்குங்கள்.

அறிகுறி: நன்றாகக் காய்த்த செடி சட்டென்று நின்றுவிட்டது

இலைகளை விலக்கி அடிப்பக்கம் தேடுங்கள். கண்ணில் படாமல் முழங்கை அளவுக்கு வளர்ந்த காய் ஒன்று ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். விதை முற்றும் காய் ஒன்று இருந்தால் புதிய பெண் பூக்கள் குறைந்துவிடும். அதை வெட்டி எடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி பூக்கும். இதைத் தவிர்க்க, பூ விரிந்த ஒரு வாரத்துக்குள், 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்திலேயே பறித்துவிடுங்கள். கத்தியால் காம்போடு வெட்டுங்கள், திருகினால் தண்டு கிழியும்.

காய் எதுவும் ஒளிந்திருக்கவில்லை, அடித்தண்டு நீண்டு மொட்டையாகி, புது இலைகள் சிறுத்துப்போயிருக்கின்றன என்றால் செடிக்கு வயதாகிவிட்டது. உரத்தால் அதை இளமையாக்க முடியாது. பழைய செடி காய்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த விதையை ஊன்றிவிடுவதுதான் வழி. வேறு தொட்டியில், புது மண்ணில், 2 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். மண் கதகதப்பாக இருந்தால் ஒரு வாரத்தில் முளைத்துவிடும்.